விளக்கு நம் வீட்டில், ஆளி எங்கே?

விளக்கு ஒன்றை ஏற்றுவதற்கு நம் பாட்டிமாருக்கு வேண்டியிருந்தவை மூன்றே பொருள்கள்: எண்ணெய், திரி, நெருப்பு. மூன்றும் வீட்டிலேயே இருந்தன. மின்சாரம் வந்தபோது முதலாவது மாறுதல் நேர்ந்தது. விளக்கின் உயிர் லக்சபானவிலிருந்தும் பின்னாளில் நுரைச்சோலையிலிருந்தும் கம்பி வழியாக வரத் தொடங்கியது. ஆயினும், ஆளி மட்டும் நம் கதவோரச் சுவரிலேயே இருந்தது. விளக்கு எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் வீட்டாரின் விரல் நுனியை விட்டு அகலவில்லை.

இப்பொழுது இரண்டாவது மாறுதல் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. கைத்தொலைபேசியால் இயங்கும் மின்குமிழ், குரலைக் கேட்டு இயங்கும் மின்விசிறி, வாயிலைக் காக்கும் கமெரா, சாவியில்லாப் பூட்டு ஆகியவை 'ஸ்மார்ட்' சாதனங்கள் என்ற பெயரோடு கடைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டிகளிலும் இவை இடம்பெறுகின்றன. இவற்றுட் பலவற்றில், மின்சாரத்தைப் போலவே கட்டளையும் வீட்டுக்கு வெளியேயிருந்து வருகிறது. விளக்கு நம் வீட்டில் இருக்கிறது. அதன் ஆளியோ கடல் கடந்த ஒரு கட்டடத்தில் இருக்கிறது. இதனால் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் பணத்தைக் கொடுக்குமுன் அறிந்திருத்தல் நன்று.

கட்டளை செல்லும் பாதை

கொழும்பில் ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர், தம் தலைக்கு மேலே தொங்கும் மின்குமிழைக் கைத்தொலைபேசியால் அணைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் திரையைத் தொட்டதும் கட்டளை முதலில் வீட்டிலுள்ள ரவுட்டர்ப் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து தொலைத்தொடர்புக் கம்பனியின் நிலையத்தை அடைந்து, கடலடிக் கம்பியில் ஏறி, உற்பத்தியாளர் வாடகைக்கு எடுத்திருக்கும் சேவையகத்தைச் சென்று சேருகிறது. அச்சேவையகம் சிங்கப்பூரில் இருக்குமாயின், தூரம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். அங்குள்ள கணினி, கட்டளையிட்டவர் உரிய வாடிக்கையாளர்தாமா என்று சரிபார்த்து, 'அணை' என்ற செய்தியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. எட்டடி உயரத்தில் இருக்கும் விளக்கு அணைவதற்கு, செய்தி ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேற் பயணம் செய்கிறது!

இத்தனையும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பாதை அறுந்த நாளிற்றான் அப்படியொரு பாதை இருந்தது என்பதே தெரியவருகிறது.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலத்தில் 'கிளவுட்' என்று அழைக்கின்றனர். தமிழில் மேகக் கணிமை என்று மாணவர் படிக்கின்றனர். மேகம் என்றதும் எவருக்கும் உரியதல்லாத, எங்கும் பரந்த ஒன்று என்ற எண்ணம் மனத்தில் எழுதல் இயல்பு. உண்மையில் இந்த மேகம் வானத்தில் இல்லை. அது ஒரு கம்பனிக்குச் சொந்தமான, மின்சாரக் கட்டணம் செலுத்தப்பட வேண்டிய, பூட்டும் காவலும் உள்ள கணினிக் கட்டடமேயாகும்.

உற்பத்தியாளர் இவ்வழியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்களும் உண்டு. வீட்டு ரவுட்டர்கள், வெளியிலிருந்து அழையாமல் வரும் செய்திகளைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. ஆகையால், வெளியூரிலிருக்கும் ஒருவர் தம் வீட்டுச் சாதனத்தை எட்டுவதற்கு எளிய வழி, அச்சாதனமே உள்ளிருந்து வெளியேயுள்ள சேவையகத்தோடு எந்நேரமும் தொடர்பை வைத்திருப்பதுதான். இவ்வாறு அமைத்தால், தொழில்நுட்பம் அறியாத ஒருவரும் ஐந்து நிமிடங்களில் சாதனத்தை இயக்கத் தொடங்கலாம். மனிதக் குரலைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய பெருங்கணிப்பைச் சிறு பெட்டிக்குள் அடக்குவதும் நீண்டகாலம் இயலாததாகவே இருந்தது. இவற்றோடு வியாபாரக் காரணமும் ஒன்றுண்டு. பொருளை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் பணம் வரும். சேவையாக விற்றால் மாதந்தோறும் வரும். வீட்டாரின் பழக்கவழக்கங்களைப் பற்றிய தகவல்களும் உடன் வரும்.

'ஆயுட்காலம்' என்றால் யாருடைய ஆயுள்?

இவ்வேற்பாட்டின் அபாயத்தை உலகுக்கு முதன்முதலிற் பலமாக உணர்த்திய நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டில் நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 'ரெவோல்வ்' என்ற கம்பனி, வீட்டின் விளக்குகள், பூட்டுகள் முதலியவற்றை ஒன்றிணைக்கும் சிறு பெட்டி ஒன்றை ஏறத்தாழ 300 டொலருக்கு விற்றது. ஆயுட்காலச் சந்தா விலையில் அடக்கம் என்பது அதன் விளம்பரம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ற் நிறுவனம் அக்கம்பனியை வாங்கிக்கொண்டது. வாங்கிய கையோடு அப்பெட்டியின் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர், 2016 மே 15ஆம் நாளுடன் சேவையும் நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வெளியாயிற்று.

அன்று நின்றது வெளியூரிலிருந்து இயக்கும் வசதி மட்டுமன்று. பெட்டி முழுவதுமே செயலிழந்தது. அதில் எந்தப் பழுதும் இல்லை; உடைவும் இல்லை. அது வினவிப் பழகிய சேவையகம் விடையளிக்கவில்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் கொதித்தெழுந்தனர். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புக்குப் பொறுப்பான கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இதனை விசாரித்தது. விற்கப்பட்ட பெட்டிகள் சிலவே என்பதையும் நிறுவனம் முழுப் பணத்தையும் திருப்பித்தர முன்வந்ததையும் கருத்திற்கொண்டு, மேல் நடவடிக்கையின்றி அவ்வாண்டு ஜூலையில் விசாரணையை முடித்தது. பணம் திரும்பியது உண்மையே. எனினும், 'ஆயுட்காலம்' என்ற சொல் வாங்கியவரின் ஆயுளையும் குறிக்கவில்லை, பொருளின் ஆயுளையும் குறிக்கவில்லை என்பது அன்று வெளிப்பட்டது. அது குறித்தது கம்பனியின் விருப்பத்தின் ஆயுளையே.

சொல்லாமல் நின்ற சேவை

ரெவோல்வ் வாடிக்கையாளருக்கு முன்னறிவித்தலாவது கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் 'இன்ஸ்ரியோன்' சாதனங்களை வைத்திருந்தோருக்கு அதுவும் கிடைக்கவில்லை. 2005ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருந்த, நன்மதிப்புப் பெற்ற அமெரிக்கச் சாதனங்கள் அவை. ஒருநாள் கைத்தொலைபேசிச் செயலி இயங்கவில்லை. கம்பனியை அழைத்தால் பதிலில்லை. கம்பனியை விற்கும் முயற்சி கைகூடாமற் போயிற்று என்ற விளக்கம் சில நாள்கள் கழித்தே வந்தது.

இந்நிகழ்ச்சியில் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இன்ஸ்ரியோன் ஆளிகளும் விளக்குகளும் வீட்டின் மின்கம்பி வழியாகவும் வானொலி அலை வழியாகவும் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும் வண்ணம் அமைக்கப்பட்டவை. ஆகவே சேவையகம் மறைந்த பின்னரும் சுவரிலுள்ள ஆளியை அழுத்தினால் விளக்கு எரிந்தது. தம் வீட்டிலேயே ஒரு சிறு கணினியை வைத்து அதன் மூலம் இச்சாதனங்களை இயக்கிவந்தோர் பெரும்பாலும் சிரமமின்றித் தொடர்ந்தனர். கம்பனியின் செயலியை மட்டும் நம்பியிருந்தோரே கைவிடப்பட்டனர். பழுதென்று எண்ணித் தம் பெட்டியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தவர்களின் கதி இன்னும் மோசமாயிற்று. மீண்டும் அதனைப் பதிவு செய்வதற்குச் சேவையகம் இருக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில், அச்சாதனங்களைப் பயன்படுத்திவந்த சிலரே ஒன்றுகூடிக் கம்பனியை வாங்கிச் சேவையை உயிர்ப்பித்தனர். பின்னர் அதற்குச் சந்தாவும் விதிக்கப்பட்டது. வாடிக்கையாளரே கம்பனியை வாங்கிக் காப்பாற்றுவது அபூர்வம். எல்லார்க்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலையில் பெல்கின் நிறுவனம் தன் 'வீமோ' வரிசைச் சாதனங்களிற் பெரும்பாலானவற்றுக்கான மேகச் சேவையை 2026 ஜனவரி 31ஆம் நாளுடன் முடிப்பதாக அறிவித்தது. அந்த அறிவித்தலிலேயே ஒரு விதிவிலக்கும் இருந்தது. அந்நாளுக்கு முன்னர் அப்பிளின் 'ஹோம்கிற்' முறையோடு இணைக்கப்பட்ட சாதனங்கள் தொடர்ந்து இயங்கும் என்பதே அது. காரணம் எளிது. அம்முறை வீட்டு வலையமைப்புக்குள்ளேயே சாதனத்தோடு பேசுகிறது. ஒரே தொழிற்சாலையில் உருவாகி, ஒரே கடையில் விற்கப்பட்ட இரு செருகிகளுள் ஒன்று பிழைத்தது; மற்றையது தன் செயலியை இழந்தது. அவற்றின் தலைவிதியைப் பிரித்தது கட்டளையின் முகவரி ஒன்றே.

கட்டிலும் காத்திருந்த நாள்

கம்பனி மூடப்படாமலே சேவை தடைப்படுவதும் உண்டு. அமேசன் நிறுவனம் தன் கணினிக் கட்டடங்களைப் பல்லாயிரம் கம்பனிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. அவற்றுள் வேர்ஜீனியா மாநிலத்துத் தொகுதி மிகப் பழையதும் பெரியதுமாகும். 2021 டிசம்பர் 7ஆம் நாள் அங்கு நேர்ந்த கோளாறினால் வீட்டுக் கமெராக்கள், குரலுதவிப் பெட்டிகள், தரை கூட்டும் ரொபோ யந்திரங்களின் செயலிகள் ஆகியவை பல மணிநேரம் முடங்கின. 2025 ஒக்டோபர் 20ஆம் நாள் அதே தொகுதியில் மீண்டும் ஒரு பெருங்கோளாறு. இம்முறை வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தியொன்று பரவியது. வெப்பத்தையும் சாய்வையும் தாமே சீர்செய்யும் விலையுயர்ந்த படுக்கைகள் சில, சேவையகத்தின் கட்டளை கிடைக்காமல், சாய்ந்தபடியும் சூடேறியபடியும் நின்றுவிட்டன. படுத்திருப்பவர் படுக்கையிலேயே இருக்கிறார். படுக்கையோ வேர்ஜீனியாவின் அனுமதிக்குக் காத்திருக்கிறது! இணையமின்றியும் அருகிலிருந்தே இயக்கக்கூடிய வழியொன்றை அக்கம்பனி பின்னர் அமைத்துக் கொடுத்தது. அவ்வழி தொடக்கத்திலேயே சாத்தியமானதுதான் என்பதை இது காட்டவில்லையா?

நம் நாட்டவருக்கு இதனை விளங்கிக்கொள்ளத் தூரதேச உதாரணம் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்க மாட்டார். மின்சாரம் மீண்டதும் சாதாரண விளக்கு உடனே எரிந்தது. மேகத்தை நம்பும் விளக்கோ அவ்வாறன்று. ரவுட்டர் விழித்தெழ வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரம் உயிர்பெற வேண்டும். இணைப்பு மீள வேண்டும். அதன் பின்னரே அது கட்டளைக்குப் பணியும். மின்சாரம் ஒன்றையே நம்பியிருந்த விளக்கு, இப்பொழுது மின்சாரம், இணையம், கம்பனி ஆகிய மூன்றையும் நம்பி நிற்கிறது. சங்கிலியில் வளையங்கள் பெருகப் பெருக, அது அறுவதற்கான இடங்களும் பெருகுமன்றோ?

காணக்கூடாத கண்கள்

தடைப்படுவது ஒரு துன்பம். தடையின்றிப் பிறர் வீட்டுக்குள் நோக்குவது வேறொரு துன்பம். கமெராவின் காட்சி வெளியேயுள்ள சேவையகத்தில் சேமிக்கப்படும்போது, அதனைப் பார்க்கும் ஆற்றல் வீட்டாருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. அமேசனுக்குச் சொந்தமான 'ரிங்' கம்பனி, தன் பணியாளரும் ஒப்பந்தக்காரரும் வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளைப் பார்க்க இடமளித்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலர் செலுத்தும் உடன்பாட்டோடு அவ்வழக்கு முடிந்தது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'வைஸ்' என்ற கமெராக் கம்பனியின் சேவை தடைப்பட்டு மீண்டபோது, ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறர் வீட்டுக் கமெராக்களின் படங்கள் தென்பட்டன. இங்கு திருடன் எவனும் பூட்டை உடைக்கவில்லை. பல்லாயிரம் வீடுகளின் காட்சிகள் ஒரே களஞ்சியத்தில் குவிந்திருந்தமையால், ஒரு சிறு தவறே அத்தனை வீட்டுக் கதவுகளையும் மாற்றித் திறந்துவிட்டது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இவ்வளவும் கூறியதால் மேகச் சேவை முழுவதும் தீயது என்று முடிவு கட்டுதல் நியாயமாகாது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வேலை செய்யும் மகள் ஒருத்தி, யாழ்ப்பாணத்தில் தனித்திருக்கும் தாயார் காலையில் எழுந்து வாயிற்கதவைத் திறந்துவிட்டார் என்பதைக் கமெராவிற் கண்டு நிம்மதியடைகிறாள். அந்த நிம்மதியை அளிப்பது கடல் கடந்து வரும் இணைப்பேயாகும். மேலும், நடமாட இயலாத முதியவருக்கும் கண்பார்வை குன்றியவருக்கும் குரலைக் கேட்டு இயங்கும் விளக்கு ஆடம்பரப் பொருளன்று. அது ஊன்றுகோலுக்கு நிகரானது.

வீட்டுக்குள்ளேயே கட்டளை இருந்தால் யாவும் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவில் பல பிரபல இணையத்தளங்கள் எட்ட முடியாதவையாகின. 'மிராய்' என்ற தீய நிரல், உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமெராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, அவற்றைக்கொண்டு அத்தாக்குதலை நிகழ்த்தியது. அது பூட்டைத் திறக்கப் பயன்படுத்தியது, தொழிற்சாலையில் இடப்பட்டு மாற்றப்படாமலே விடப்பட்ட சுமார் 60 கடவுச்சொற் சோடிகளை மட்டுமே. கவனிப்பாரற்றுக் கிடக்கும் சாதனம் யாருடைய கட்டளையையும் ஏற்கும். நல்ல கம்பனி மேகத்தின் வழியாகப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒழுங்காக அனுப்புமாயின், அது வீட்டாருக்குச் செய்யும் பேருதவியே.

ஆகவே, மேகம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதிற் பயனில்லை. மேகம் இல்லாத நேரத்தில் வீடு வீடாக இருக்குமா என்றுதான் கேட்க வேண்டும். தொலைவுச் சேவை வீட்டுக்கு இன்னொரு வாயிலாக இருக்கலாம். ஒரே வாயிலாக இருத்தல் ஆகாது.

வீட்டிற்குள் ஒரு மூளை

கட்டளையை வீட்டுக்குள் வைத்திருப்பது புதிய கற்பனையன்று. ஸ்கொத்லாந்தின் கிளென்றோதஸ் நகரத்துப் பீக்கோ இலத்திரனியற் கம்பனி, 1975ஆம் ஆண்டிலேயே 'எக்ஸ்-10' என்ற முறையை வகுத்தது. வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பியில் சிறு சைகைகளை அனுப்பி, விளக்குகளை ஏற்றவும் அணைக்கவும் அது வகை செய்தது. அதற்குக் குறைகள் பல இருந்தன. அயல் வீட்டுச் சைகை நம் விளக்கை ஏற்றுவதும் எப்பொழுதாவது உண்டு. ஆயினும், எந்தக் கம்பனி மூடப்பட்டாலும் அச்சாதனங்கள் செயலிழக்கத் தேவையிருக்கவில்லை. அவை எவரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இன்றைய முறைகளில் 'சிக்பீ', 'இசெட்-வேவ்' என்ற இரண்டும் குறைந்த வலுவுள்ள வானொலி அலைகளைப் பயன்படுத்துபவை. சாதனங்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்திச் செல்வதால் வீடு முழுவதையும் ஒரு சிறு நடுப்பெட்டியிலிருந்து இயக்கலாம், இணையம் தேவையில்லை. 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த பிலிப்ஸ் 'ஹியூ' விளக்குகள் சிக்பீ முறையையே கையாள்கின்றன.

வெவ்வேறு கம்பனிகளின் சாதனங்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரும் இலவச மென்பொருள்களுள் 'ஹோம் அசிஸ்ரன்ற்' புகழ்பெற்றது. 2013ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பௌலஸ் ஸ்கௌட்சன் இதனைத் தொடங்கினார். இன்று உலகெங்குமுள்ள தொண்டர்கள் இதனை வளர்க்கின்றனர். 2024ஆம் ஆண்டில், இதனை எவரும் விலைக்கு வாங்கிவிடாதபடி, சுவிற்சர்லாந்தில் அமைந்த இலாப நோக்கற்ற அறநிலையம் ஒன்றின் பொறுப்பில் ஒப்படைத்தனர். உள்ளங்கையளவு கணினி ஒன்றிலேயே இது இயங்கும். எனினும் இதற்கும் உழைப்பு என்னும் விலை உண்டு. திருத்தங்களை இட வேண்டும். அமைப்புகளுக்குப் பிரதியெடுத்து வைக்க வேண்டும். நினைவட்டை பழுதானால் நாமே சீர்செய்ய வேண்டும். சொந்தக் கிணறு வைத்திருப்பவர் அதனைத் தாமே இறைத்துத் துப்புரவாக்குவது போன்றது இது. க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பம் பயிலும் மாணவர் உள்ள வீட்டுக்கு இது சுமையாகாது. நல்லதொரு பயிற்சியாகவே அமையும்.

அவ்வளவு முயற்சி செய்ய இயலாதவர்க்கும் வழி பிறந்திருக்கிறது. அப்பிள், கூகுள், அமேசன், சம்சுங் முதலிய போட்டிக் கம்பனிகள் ஒன்றுகூடி, 'மற்றர்' என்ற பொதுத் தரநிர்ணயத்தை 2022 ஒக்டோபர் 4ஆம் நாள் வெளியிட்டன. அதன்படி அமைந்த சாதனம், வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளையை ஏற்று இயங்க வல்லது. ஒரு கம்பனியின் சாதனத்தை மற்றொரு கம்பனியின் செயலியாலும் இயக்கலாம். எல்லாச் சிறப்பு வசதிகளும் இதில் அடங்குமென்று கூற முடியாது. சில வசதிகளுக்குக் கம்பனியின் கணக்கு இன்னமும் தேவைப்படலாம். ஆயினும் ஏற்றல், அணைத்தல் போன்ற அடிப்படைத் தொழில்கள் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

சட்டம் விழித்துக்கொள்கிறது

பொருளை விற்றபின் அதன் உயிரை விற்றவரே வைத்திருக்கலாமா என்ற வினா இப்பொழுது சட்டமன்றங்களையும் எட்டியிருக்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொற்களைத் தடை செய்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது எவ்வளவு காலத்துக்கு வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டமொன்று 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. அதன் முக்கிய கடமைகள் 2027 டிசம்பர் முதல் உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும். அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட ஆய்வொன்று 184 ஸ்மார்ட் பொருள்களின் விளம்பரப் பக்கங்களைப் பரிசோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ 89 சதவீதமானவை, மென்பொருள் ஆதரவு எத்தனை காலத்துக்கு என்பதைக் கூறவேயில்லை. பால்மாப் பொட்டலத்திலும் காலாவதித் திகதி உண்டு. பல்லாயிரம் ரூபா கொடுத்து வாங்கும் கதவுப் பூட்டில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஸ்மார்ட் சாதனமொன்றை வாங்க எண்ணும் குடும்பம் கடைக்காரரிடம் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

முதலாவது: இணையம் இல்லாத நேரத்தில் இது எவற்றைச் செய்யும், எவற்றைச் செய்யாது? இரண்டாவது: கையாலே இயக்கும் ஆளியோ சாவித்துவாரமோ இதில் உண்டா? மூன்றாவது: சிக்பீ, இசெட்-வேவ், மற்றர் போன்ற பொதுமுறை எதையேனும் இது ஏற்குமா, அல்லது ஒரு கம்பனியின் செயலிக்கு மட்டுந்தான் பணியுமா? நான்காவது: கமெராவாயின், காட்சிகளை வீட்டிலேயே நினைவட்டையில் சேமிக்க முடியுமா?

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்போருக்கு ஒரு சிறு பரிசோதனை உண்டு. ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை அரைமணிநேரம் கழற்றி வையுங்கள். ரவுட்டரை அணைக்க வேண்டாம். பின்னர் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். எது பணிகிறது, எது வாய்மூடி நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே, உங்கள் வீட்டில் எவை உங்களுடையவை, எவை இரவல் என்பதைக் காட்டும் பட்டியலாகும். பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால், பாடப்புத்தகத்தில் வரும் வலையமைப்புப் பாடம் ஒரு மாலைப்பொழுதிலேயே அவர்களுக்கு விளங்கிவிடும்.

பட்டியலின் இரண்டாம் பகுதியில் அலங்கார விளக்கு இருந்தால் கவலையில்லை. வாயிற்பூட்டோ, நோயாளியின் அறை மணியோ, தனித்திருக்கும் முதியவர் நள்ளிரவில் எழுந்து தேடும் விளக்கோ இருந்தாற்றான் யோசிக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து அன்போடு இவற்றை அனுப்பிவைக்கும் பிள்ளைகளும் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. தாயாரைத் தாம் பார்க்கும் வசதியோடு, தாயார் தம் வீட்டைத் தாமே ஆளும் வசதியும் அந்தப் பெட்டிக்குள் இருத்தல் வேண்டும்.

விஞ்ஞானம் தரும் வசதியை மறுப்பது அறிவுடைமையாகாது. ஆயினும், சுவரோரத்திலிருந்த ஆளியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துமுன், ஒருகணம் நின்று, இருட்டில் கையை நீட்டித் தடவினால் அகப்படுவது என்ன என்று எண்ணிப் பார்ப்போமாக.